காரணம்: உலோகம்

தேறாத படங்கள்தான் என் ஆராய்ச்சி.
ஆயிரத்துச் சொச்சம் தாடைகளில்
இருநூற்று முப்பத்தேழு கெட்டுப்போனவை.
ஏன் கெட்டன என்று எழுத வேண்டும்,
படம் ஒன்றுக்குக் காரணம் ஒன்று.

வில்லியனூர் சாலை, கல்லூரியின் கீழ்த்தளம்,
ஈயக் கதவுக்குப் பின்னால் இயந்திரம்.
முகவாயை ஊன்றி, குச்சியைக் கடித்து நின்றால்
பதினான்கு நொடியில் தலையை ஒரு சுற்று வந்து
காது முதல் காது வரை
வளைந்த தாடையை விரித்துப் போடும்,
சுருட்டிய பாயை உதறுவதுபோல.

அசையக் கூடாது. விழுங்கக் கூடாது.

துய்மா வீதி முசியே எத்தியேன்,
பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஜிபூத்தி வரை போனவர்,
ஒன்பதாவது நொடியில் இருமினார்.
படத்தில் அவர் கீழ்த்தாடை
அந்த இடத்தில் ஒரு படி இறங்குகிறது.
முறிவு என்று பதறினான் முதலாண்டு மாணவன்.
முறிவில்லை தம்பி,
அது ஓர் இருமல்.

கம்மலோடு நின்றவளுக்கு
இடக்காதுக் கம்மல் வலக்கன்னத்திலும் விழும்,
சற்று மேலே, பெரிதாக, கலங்கலாக.
பேய்ப்பிம்பம் என்போம் வகுப்பில்.
இருக்கும் இடத்தில் ஒரு தரம்,
இல்லாத இடத்தில் ஒரு தரம்.

நூற்றுப் பதினெட்டாவது படம்
வீராம்பட்டினம் அஞ்சலாட்சி.
கார்த்திகை மாதம். துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏறியிருந்தது.
மூன்று வாரமாக ஒரு பக்கமே மென்று
வலது கன்னம் தேங்காய்ச் சில்லாய் வீங்கியிருந்தாள்.
கம்மலைக் கழற்றினாள். மூக்குத்தியைத் திருகி
முந்தானையில் முடிந்தாள்.
சங்கிலியைக் காட்டினேன்.
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"அத மட்டும் கயட்ட மாட்டேம்மா.
போட்டு இன்னும் வரல."

விதி எனக்குத் தெரியும்.
ரவிக்கைக்குள் இறக்கிவிடச் சொன்னேன்.
எவ்வளவு இறக்கினாலும்
கழுத்தைச் சுற்றித்தானே கிடக்கும்.

முன்பற்களுக்குக் கீழே
முகவாய் எலும்பின் குறுக்கே ஒரு வெள்ளை வில்.
நல்லவேளை, அது எட்டாத தூரத்தில்
செத்த ஏழாம் பல்லின் வேரடியில்
புளியங்கொட்டை அளவு கருமை,
ஓரத்தில் மயிரிழை வெண்கோடு.
நீர்க்கட்டி.
அறுவைக்கு அது போதும்.
ஆராய்ச்சிக்குப் போதாது.

ஏன் கழற்ற வைக்கவில்லை என்றார் பேராசிரியர்.
படகு வரவில்லை என்றேன்.
"அதற்குப் பத்தி இல்லையே"
என்றார், சிரிக்காமல்.
நான்காம் பத்தியில் எழுதினேன்: உலோகம்.

வைகாசிக் கடைசியில் மறுபடி வந்தாள்.
தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது.
சொல்வதற்கு முன்பே முகவாயை ஊன்றினாள்.
கழுத்தில் மஞ்சள் கயிறு,
அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"போட்டு வந்துச்சு. இஞ்சின்தான் போச்சு.
பேங்குல வச்சிருக்கு, ஆடில மூட்டுடலாம்."

நூலும் மஞ்சளும் கதிருக்கு ஒரு பொருட்டில்லை.
ஊடுருவிப் போய்விடும்.
எதையும் கழற்றச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
படம் சுத்தம். தரம் ஒன்று.

பழையதையும் புதியதையும் திரையில்
பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.
கருமையின் ஓரங்களிலிருந்து
எலும்பு உள்ளே நகர்ந்திருந்தது.

"அரியாங்குப்பத்து மொகத்துவாரம்
தூந்து போற மாரியே இருக்குது"

"இங்கே தூர்ந்தால் நல்லது."

"அப்ப அங்க கெடக்குற மண்ணல்லாம்
அள்ளியாந்து எங்க வாயில கொட்டுங்க"
என்று சிரித்தாள்,
ஏழாம் பல் இல்லாத சந்து தெரிய.

கிளம்ப எழுந்தவள்
பழைய படத்தின் வெள்ளை வில்லை
நகத்தால் தொட்டாள்.

"இது என்னா?"

"உங்க தாலிச் சங்கிலி."

விரலை எடுக்கவில்லை.

"இங்க இருக்குதா"
என்றாள்.